முன்பக்கம் ஏன் இரண்டு துண்டானது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "இன்டர்நெட்டில் கிடைத்த பேட்டர்னைப் பிரிண்ட் எடுத்து, எட்டு வயது மகளுக்குச் சட்டை வெட்டினேன். கடையில் சொன்னபடி 45 அங்குல அகலச் சீத்தைத் துணி இரண்டு மீற்றர் வாங்கினேன். முன்பக்கம் இரண்டு துண்டாகிவிட்டது. முன்பு தைத்த ஒன்றோ கழுவியதும் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. பிழை எங்கே?"

இரண்டுமே மடிப்பில் வந்த வினைதான், தங்கச்சி.

பேட்டர்னில் இருப்பது அரை உடம்பு. நடுநெஞ்சு வரும் நேர் ஓரத்தில், இரண்டு நுனியும் அந்த ஓரத்தை நோக்கி வளைந்த ஒரு அம்புக்குறி இருக்கும். அந்த ஓரம் துணியின் மடிப்பில்தான் உட்கார வேண்டும். அங்கே கத்தரிக்கோல் படவே கூடாது. நீங்கள் அதைக் கரைப் பக்கம், அதாவது துணியின் நெய்த நீள ஓரத்தில், வைத்திருக்கிறீர்கள். சரி, வெட்டியதை எறிய வேண்டாம். இரண்டு அங்குல அகலத்தில் வேறு நிறப் பட்டி ஒன்றை நடுவில் வைத்து, இரு பக்கமும் அரை அங்குலம் பிடித்துத் தையுங்கள். அளவு குறையாது, பார்க்கிறவர்கள் அதை டிசைன் என்றே நினைப்பார்கள்.

திருகலுக்குக் காரணம், கடைச் சுருளில் வந்த மடிப்பை அப்படியே நம்பியது. துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். குறுக்கே ஒரு நூலை உருவி, அந்தக் கோட்டில் ஓரத்தை வெட்டி நேராக்குங்கள். பிறகு இரண்டு கரைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, கீழே மடிப்பு நெளியாமல் தொங்கும்வரை ஒரு கரையை மெல்ல நகர்த்துங்கள். அதுதான் உண்மையான மடிப்பு.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் தையல் மெஷின் கொடுக்காத ஆள் இல்லை. மூன்று மாத வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ. ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்; துணியில் நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாரும் சொல்லவில்லை. பிழையை உங்கள் தலையில் போட மாட்டேன்.

இன்னொன்று, பிரிண்ட் கடை. அவர்கள் தாளுக்குள் அடங்கட்டும் என்று பேட்டர்னைச் சுருக்கிவிடுவார்கள். முதல் பக்கத்தில் அளவு பார்க்க ஒரு சதுரம் இருக்கும். அளவுநாடாவை வைத்துப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் அளவைவிடக் குறைந்தால் காசு கொடுக்காதீர்கள். அதே பேட்டர்னை வட்ஸ்அப்பில் விற்கிறவர்களிடம் போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி வாங்கினால், சதுரமும் இருக்காது, அளவும் இருக்காது.

அப்புறம், இரண்டு மீற்றர்! துணியைச் சரிபாதியாகத்தான் மடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. இரண்டு கரையையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் இரண்டு மடிப்புக் கிடைக்கும். ஒன்றில் முன்பக்கம், மற்றதில் பின்பக்கம். பேட்டர்னின் அகலமான இடம் 11 அங்குலத்துக்குள் இருந்தால் போதும். 28 அங்குல நீளச் சட்டைக்கு, கீழ்மடிப்புக்கும் கைக்கும் சேர்த்து ஒன்றேகால் மீற்றரில் முடிந்துவிடும். அளவு கேட்காமலே இரண்டு மீற்றர் கிழிக்கிற கடைக்கு இதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஒரே ஒரு இடத்தில் கவனம். யானை, மயில் என்று தலை ஒரு பக்கமே பார்க்கும் பூத்துணி. பாவாடைத் துண்டு அகலமாக இருக்கிறதென்று குறுக்கே மடித்தால், கீழ்த் தட்டில் மயில் நிற்கும், மேல் தட்டில் தலைகீழாகத் தொங்கும். கல்முனையில் என்னிடம் வந்த ஒரு பாவாடையில் முன்னே நிற்கும் மயில். பின்னே செத்த மயில். அப்படித் துணி வந்தால், நல்ல பக்கம் உள்ளே வைத்து மடித்து, மடிப்போடு வெட்டிப் பிரித்து, மேல் துண்டைப் புரட்டாமல் கால்மாடு தலைமாடாகத் திருப்பி மறுபடி கீழ்த் துண்டின்மேலேயே போடுங்கள். இப்போது இரண்டு மயிலும் நிற்கும். ஆனால் மடிப்புப் போய்விட்டதே! அதனால் மடிப்பில் வைக்க வேண்டிய துண்டுகளை அந்தத் துணியில் நீளவாக்கு மடிப்பில்தான் வெட்ட வேண்டும். வெல்வெட்டின் மயிரும் ஒரு பக்கமே சாய்வதால் அதற்கும் இதே கதை. தடவிப் பார்த்தால் கைக்குத் தெரியும்.

மகளின் அடுத்த சட்டைக்கு, வெட்டும் முன் மடிப்பு ஓரம் முழுக்கக் குண்டூசி குத்திவிடுங்கள். கத்தரிக்கோல் அந்தப் பக்கம் போனால் ஊசி தட்டும்.