பிரஷர் கேஜின் முள்ளை மட்டும் நம்பலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு 40 வயதாகிறது. அண்மையில் வெள்ளையடித்தபோது தீ பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் சில ஸ்பிரிங்க்ளர்களின் மீது பெயின்ட் பட்டுவிட்டது. சுரண்டி எடுத்தால் போதுமா, அல்லது எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? குழாயின் நீரழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் எப்போதும் சரியாகவே காட்டுகிறது.

பதில்: பெயின்ட் பட்டவற்றைச் சுரண்டவோ தின்னரால் துடைக்கவோ வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்க்ளரில் உள்ள, சிவப்புத் திரவம் கொண்ட கண்ணாடிக் குமிழ் ஏறத்தாழ 68 டிகிரி செல்சியஸில் உடைந்தால்தான் தண்ணீர் வரும். மேலே படிந்த பெயின்ட் வெப்பம் உள்ளே சேர்வதைத் தாமதப்படுத்துவதோடு, தண்ணீரைத் தடுத்து நிற்கும் மூடியை விழவிடாமல் ஒட்டிப் பிடித்தும் வைக்கலாம். சுரண்டினாலோ குமிழில் கீறல் விழும். திரவம் வற்றியவை, துருவேறியவை, மூடியைச் சுற்றி நீர்க்கசிவின் வெண்படிவு தெரிபவை ஆகியவற்றையும் மாற்ற வேண்டியவற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயதை மட்டும் காரணமாக்கி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. பல நாடுகளில் பின்பற்றப்படும், அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 25 விதிமுறைப்படி, சாதாரண வகை ஸ்பிரிங்க்ளர்கள் 50 ஆண்டுகளை எட்டும்போது மாற்றப்பட வேண்டும், அல்லது அவற்றில் சிலவற்றைக் கழற்றி ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். விரைவாகச் செயல்படும் வகைக்கு இந்தக் காலம் குறைவு. தயாரிப்பு ஆண்டு ஸ்பிரிங்க்ளரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இடையில் பொருத்தப்பட்டவையும் இருக்கக்கூடும் என்பதால் தளந்தோறும் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது பிரஷர் கேஜைப் பற்றிய வரிதான். தண்ணீர் அசையாமல் நிற்கும்போது, நீர் வரும் வழியிலுள்ள வால்வு முக்கால்வாசி மூடிக்கிடந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது மெயின் டிரெய்ன் (நீரை வெளியே வடிக்கும் முதன்மைக் குழாய்) சோதனை செய்யச் சொல்லுங்கள். முதலில் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, டிரெய்ன் வால்வை முழுவதுமாகத் திறந்து, நீர் சீராகப் பாயும் நிலையில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த அளவு முந்தைய சோதனையைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், பாதியில் நிற்கும் வால்வோ வழியில் அடைப்போ இருக்கலாம். காரணம் தெரியும்வரை விடாதீர்கள்.

குழாய்களின் உட்புறத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது வழக்கம். பழைய இரும்புக் குழாயில் துருவும் சேறும் சேர்ந்து, குமிழ் சரியாக உடைந்தாலும் நீரை வரவிடாமல் செய்துவிடும். காரணமின்றி அடிக்கடி நீரை வடித்து நிரப்புவதும் புதுக் காற்றை உள்ளே கொண்டுபோய்த் துருவை வளர்க்கும்.

ஸ்பிரிங்க்ளருக்குக் கீழே 45 சென்டிமீட்டருக்கு எந்தப் பொருளும் அடுக்கப்படக் கூடாது.

மாற்றும் வேலைக்காக வால்வை மூடும் நாளில் குடியிருப்போருக்கும் தீயணைப்புத் துறைக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். வேலை முடிந்து வால்வைத் திறந்ததும், மெயின் டிரெய்ன் சோதனையை மீண்டும் செய்து, நீர் நிற்கும்போதும் பாயும்போதும் முள் காட்டிய இரண்டு அளவுகளும் பதிவேட்டில் ஏறிய பிறகே ஒப்பந்ததாரரை அனுப்புங்கள்.