சர்ச் இசையில ஒரே நேரத்துல பல மெட்டு பாடுறது எப்படி வந்துச்சு? அதைக் காப்பாத்தினது பாலஸ்த்ரினாவா?

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். இல்லைங்க, சர்ச் இந்த இசையைத் தடை பண்ண இருந்துச்சு, 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரினாதான் காப்பாத்தினார்ங்கறது கட்டுக்கதை. 1562ல ட்ரென்ட்ல நடந்த கத்தோலிக்க சர்ச்சோட பொதுச்சங்கத்துல, பல குரல்ல பாடினா வார்த்தையே காதுல விழலன்னு புகார் வந்தது நிஜம்தான், ஆனா கடைசியா போட்ட தீர்மானத்துல பூசையில (அதாவது மாஸ் வழிபாட்டுல) ஆபாசமான இசை வேணாம்னுதான் இருக்கு, பல குரலுக்குத் தடையெல்லாம் இல்ல. பாலஸ்த்ரினா போப் மார்செல்லஸ் பேர்ல போட்ட 6 குரல் பூசைப்பாட்டைக் கேட்டு எல்லாரும் மனசு மாறிட்டாங்கங்கற கதை 1607லதான் அச்சுல வருது, அப்ப அவர் செத்தே 13 வருஷம் ஆச்சு.

சரி, எப்படி வந்துச்சு? 9ஆம் நூற்றாண்டுலயே ஒரு மெட்டு கூடவே அதே மெட்டை ச-ப, ச-ம தூரத்துல இன்னொரு குரல் பாடிட்டுப் போறதை எழுதி வச்சிருக்காங்க. பெரிய தாவல் 1200 வாக்குல பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்துலதான், அங்க லியோனின்ங்கற இசையமைப்பாளர் ரெண்டு குரல்ல எழுதினார், அடுத்து பெரோடின் மூணு நாலு குரல்ல. (இவங்க பேரை நமக்குச் சொன்ன ஆளோட பேரு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது, அதான் தமாஷு.) 1198ல புத்தாண்டு அன்னிக்கு சர்ச்சுல நடந்த கூத்தையெல்லாம் அடக்க பாரிஸ் பிஷப் போட்ட உத்தரவுலயே மூணு நாலு குரல்ல பாடலாம்னு இருக்கு. பெரோடினோட 'விதேருந்த் ஓம்னெஸ்' கேளுங்க, கீழ்க்குரல் 'வி'ங்கற ஒரே எழுத்தைக் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் தம்புரா மாதிரி பிடிச்சிட்டு நிக்கும், மேல மூணு பேரு துள்ளித் துள்ளி ஒருத்தர் பாடினதை இன்னொருத்தர் வாங்கிப் பாடிட்டே போவாங்க.

என்னைக் கேட்டா இங்க விஷயமே குரல் எண்ணிக்கை இல்ல, தாளம்தான். அதுவரைக்கும் சுரத்தைத்தான் எழுதினாங்க, எவ்வளவு நேரம் இழுக்கணும்னு எழுதல, ஒரே மெட்டுன்னா அது போதும், ஆனா மூணு பேரு வேறவேற பாடிட்டு ஒரே இடத்துல வந்து சேரணும்னா எது நெடில் எது குறில்னு பேப்பர்ல தெரிஞ்சே ஆகணும்ல? சுரங்களைக் கொத்து கொத்தா சேர்த்து எழுதற விதத்தை வச்சே அதைக் காட்டற முறை அங்கதான் வந்துச்சு.

பல குரல் பாட்டு மேல புகார் வர்றதும் பழசு, 1320கள்லயே போப் 22ஆம் யோவான் இந்தப் பாடகர்களைத் திட்டி ஆணை போட்டார். பெருசா பலன் இல்ல, ஒரு தலைமுறை கழிச்சு பிரெஞ்சு இசையமைப்பாளர் மாஷோ முழுப் பூசையையும் நாலு குரல்லயே எழுதிட்டார்.

கேக்கணும்னா பெரோடின்ல ஆரம்பிச்சு பாலஸ்த்ரினாவுக்கு வாங்க. இங்கிலாந்து இசையமைப்பாளர் தாலிஸோட 40 குரல் பாட்டை மட்டும் மொபைல் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, வெறும் இரைச்சலாதான் இருக்கும், ஹெட்போன் கட்டாயம்.