பெயர் கொடுத்தவர்கள் வரவில்லை!

கேள்வி: மே மாதம் காசிமேட்டில் இரத்ததான முகாம் நடத்துகிறோம். சென்ற முறை 40 தன்னார்வலர்கள் பெயர் கொடுத்து, 11 பேர்தான் வந்தார்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மே மாதம் நல்ல தேர்வு, அம்மா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பழுது பார்க்கும் இடத்துக்கே போய் இளைஞர்களைக் கேளுங்கள். 'உதவிக்கு வா' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். 'எட்டு முதல் பதினொன்று வரை எடை பார்க்கும் மேசை உன்னுடையது' என்று சொல்லுங்கள். 45 கிலோவுக்குக் குறைந்தவர்களை மனம் நோகாமல் திருப்பி அனுப்பத் தெரிந்தவரையே அங்கே உட்காரவையுங்கள். ராயபுரத்தில் என் முதல் முகாமில் தன்னார்வலர்களுக்குச் சாப்பாடு சொல்ல மறந்துவிட்டேன். மதியத்துக்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. முந்தைய நாள் மாலை ஒவ்வொருவரையும் நீங்களே தொலைபேசியில் அழையுங்கள்.