பிறவி மந்திரக்காரருக்கு எத்தனை மந்திரம் கொடுக்கலாம்?

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு டேபிள்டாப் ஃபேண்டசி ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டம்) எழுதி வருகிறேன். ஏட்டைப் படித்து மந்திரம் கற்கும் விசார்ட் கிளாஸ் (பாத்திர வகை) தயார். படிக்காமலே, ரத்தத்தில் மந்திரம் ஓடும் சோர்சரர் மாதிரி இன்னொன்றும் வேண்டும். ஆனால் விளையாடிப் பார்த்தவர்கள் 'மந்திரம் குறைந்த விசார்ட்தானே இது' என்கிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. கூட்டக் கூட்ட அது இன்னும் விசார்ட் மாதிரிதான் ஆகும். எத்தனை மந்திரம் தெரியும் என்பதை விட்டுவிட்டு, தெரிந்த மந்திரத்தை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

இந்த வகை ஆட்டங்களில் பிரபலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதே இடத்தில்தான் தடுக்கியது. 2000-இல் வந்த 3-ஆம் பதிப்பில் விசார்ட் எந்த ஸ்லாட்டில் (ஒரு நாளில் மந்திரம் போடக் கிடைக்கும் வாய்ப்புகளில் ஒன்று) எந்த மந்திரம் என்று முன்கூட்டியே தயார் செய்து வைக்க வேண்டும், சோர்சரரோ தெரிந்த சிலவற்றில் எதையும் அந்த நொடியில் எடுத்து வீசலாம், தினசரி ஸ்லாட்டும் அவருக்கே அதிகம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. 2014-இல் 5-ஆம் பதிப்பு வந்தபோது, தயார் செய்தவற்றில் எதையும் எந்த ஸ்லாட்டிலும் போடும் வசதி விசார்டுக்கும் கிடைத்துவிட்டது, ஸ்லாட் எண்ணிக்கையும் சமமாகிவிட்டது. 20-ஆம் லெவலில் நுண்ணறிவு 20 உள்ள விசார்ட் 25 மந்திரங்களைத் தயாராக வைத்திருக்கலாம், சோர்சரருக்குத் தெரிந்தவை 15 மட்டும். அவருக்கென்று மிஞ்சியது மெட்டாமேஜிக், அதாவது மந்திரத்தைப் போடும்போதே வளைக்கும் திறன், அதுவும் 3-ஆம் லெவலில்தான் வரும். முதல் நாளே 'நான் வேறு மாதிரி ஆள்' என்று ஆட்டக்காரருக்குத் தோன்ற வேண்டிய கிளாஸுக்கு இது ரொம்பத் தாமதம். 2024 திருத்தத்தில் முதல் லெவலிலேயே, நாளுக்கு 2 முறை, ஒரு நிமிடம் சக்தி பொங்கும் திறனைக் கொடுத்தார்கள். என் கணக்கில் அது சரியான திசை.

உங்கள் ஆட்டத்தில் முதல் லெவலுக்கு 3 மந்திரம் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் வளைக்கும் உரிமையை அப்போதே கொடுத்துவிடுங்கள்: சத்தமின்றிப் போடுவது, தூரத்தைக் கூட்டுவது, இன்னொரு ஆளுக்கும் பாயவிடுவது. மெட்டாமேஜிக்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது வாயசைக்காமல், கையசைக்காமல் மந்திரம் போடும் திறன்தான், ஏனென்றால் கை கட்டப்பட்டு வாய் அடைக்கப்பட்ட கைதிகூட அங்கே ஆபத்தானவர், பிறவிச் சக்தி என்றால் என்னவென்று அந்த ஒரு காட்சியே சொல்லிவிடும்.

அப்புறம் விலை. மந்திரம் போடச் செலவாகும் பாயிண்ட் தீர்ந்தபின்னும் மந்திரம் போடலாம், ஆனால் மந்திரத்தின் லெவலுக்கு ஒரு டி6 (ஆறுபக்கப் பகடை) வீதம் உருட்டி அத்தனை உயிர்ப்புள்ளி இழக்க வேண்டும், நீண்ட ஓய்வு வரை அது ஆறாது என்று வையுங்கள். சக்தி உடம்பில் இருந்தால் உடம்புதானே வலிக்க வேண்டும்! ஆறாது என்பதை மட்டும் தளர்த்திவிடாதீர்கள், தளர்த்தினால் குழுவில் இருக்கும் வைத்தியர் அவருக்குத் தீராத பேட்டரியாகிவிடுவார்.

கட்டுக்கடங்காத விளைவுகள் வேண்டும் என்றால் அது எப்போது நடக்கும் என்பதை கேம் மாஸ்டரின் (ஆட்டத்தை நடத்துபவரின்) மனநிலைக்கு விடாதீர்கள். 2014 பதிப்பின் வைல்டு மேஜிக் என்ற சோர்சரர் வகையில், மாஸ்டர் கேட்டால்தான் டி20 உருட்டுவோம், 1 விழுந்தால்தான் ஏதாவது நடக்கும். 6 முறை உருட்டினாலும் ஒருமுறையாவது 1 விழும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம், மாஸ்டர் மறந்துவிட்டால் அதுவும் இல்லை. அதற்குப் பதில் மேலே சொன்ன வலி உருட்டலில் 6 விழுந்தால் சக்தி சிதறும் என்று விதி எழுதினால், எப்போது ஆபத்தை அழைப்பது என்று ஆட்டக்காரரே முடிவு செய்வார்.

வம்சத்துக்கும் வேலை கொடுங்கள். மந்திரம் குறைவாக இருப்பதால் எல்லோரும் சண்டை மந்திரங்களையே எடுப்பார்கள், பிறகு அரசவைக் காட்சியில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதனால் டிராகன் வம்சமோ கடல் வம்சமோ, எண்ணிக்கையில் சேராத ஒரு மந்திரத்தை ஒவ்வொன்றும் இலவசமாகத் தரட்டும், அது சண்டைக்கு உதவாததாக இருக்கட்டும். தெரிந்த மந்திரத்தை மாற்றிக்கொள்வது லெவல் ஏறும்போது ஒன்று மட்டும். தினமும் மாற்றலாம் என்றால் ஏடு இல்லாத விசார்ட்தான் கிடைப்பார்.

இவ்வளவும் எழுதியபின் ஒரே சாகசத்தை விசார்டோடு ஒருமுறை, இவரோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சண்டை, பேச்சு, தேடல் மூன்றிலும் இருவரும் ஒரே தீர்வைப் பிடித்தால் வளைக்கும் திறன்களைத்தான் திருத்த வேண்டும், மந்திரப் பட்டியலைத் தொடாதீர்கள்.