பழைய சிட் சிப்பில் ஆம்பியன்ட் இசை செய்ய முடியுமா?

"கமடோர் 64 கணினியின் சிட் சிப்பில் வீடியோ கேம் பீப் பீப் சத்தம்தானே வரும், ஆம்பியன்ட் எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். (சிட் என்பது அந்தக் கணினியின் ஒலி சிப். ஆம்பியன்ட் என்றால் அவசரமில்லாமல் மெதுவாகப் பரவும் இசை.) நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பீப் பீப் படபடப்புக்குக் காரணம் இருக்கிறது. சிப்பில் மொத்தமே மூன்று குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் மூன்று ஒலிகள்தான். கார்ட் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) வேண்டுமென்றால் சுரங்களை அடுத்தடுத்து வேகமாகத் தட்டிக் காதை ஏமாற்றியாக வேண்டும். அந்த அவசரத்தை விட்டுவிட்டால் சிப் வேறு ஆளாகிவிடும்.

1982-இல் வந்த கணினி அது. சிப்பை வடிவமைத்த பாப் யானஸ், பிற்பாடு என்சோனிக் என்ற சின்தசைசர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தப் புத்தி சிட்டுக்குள்ளேயே தெரிகிறது. ஒரு ஒலி எழும்ப 8 நொடி, அடங்க 24 நொடி வரை வைக்கலாம். சுட்டுத் தள்ளும் கேமில் 24 நொடி யாருக்கு வேண்டும்?

சரி, நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் இரண்டு குரல்களையும் ரம்பப்பல் அலையில், 110 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வைப்பேன். பால் (PAL) என்ற டிவி முறைக்கான கணினியில், சிப்புக்குச் சுருதியைச் சொல்லும் சுருதி எண்ணை ஒன்று கூட்டினால் ஏறத்தாழ 0.06 ஹெர்ட்ஸ்தான் நகரும். முதல் குரலுக்கு 1873, இரண்டாவதற்கு 1876. மூன்றே எண் வித்தியாசம். இரண்டும் உரசி, ஆறு நொடிக்கு ஒரு முறை விம்மும். பள்ளியில் இயற்பியலில் விம்மல் என்று படித்தோமே, அதேதான். மேற்சுரங்கள் இன்னும் வேகமாக விம்முவதால் ஒலிக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும்.

மூன்றாவது குரல் வாசிக்காது, மூச்சு மட்டும் விடும். முக்கோண அலை, சுருதி எண் 1. ஒரு சுற்று முடிய 17 நொடி ஆகும். 54296 என்ற நினைவக முகவரியில் 159 போட்டால் அதன் ஓசை வெளியே வராது, ஆனால் அலை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதன் மதிப்பை 54299-இல் பீக் செய்து (படித்து), ஃபில்டருக்கான, அதாவது ஒலி வடிகட்டிக்கான, 54294-இல் போக் செய்ய (எழுத) வேண்டும். கணினியின் பேசிக் மொழியில் ஒற்றை வரி லூப் போதும். ஃபில்டர் 17 நொடிக்கு ஒரு முறை திறந்து மூடும். முதல் தடவை கேட்டபோது மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். (54295-இல் 131 போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் குரல்கள் ஃபில்டர் பக்கமே போகாது. ஒரு மாலை முழுவதையும் இதில் தொலைத்தவன் சொல்கிறேன்.)

சிப்பில் இரண்டு வகை உண்டு. பழையது 6581, பின்னால் வந்தது 8580. 6581-இன் ஃபில்டர் சிப்புக்குச் சிப் மாறும். ஒரே எண்கள் ஒன்றில் இருட்டாகவும் இன்னொன்றில் பளிச்சென்றும் கேட்கும். அப்புறம், அது முழுசாக வாயை மூடுவதே இல்லை. குரல்களை அடக்கினாலும் பின்னால் லேசாகக் கசிந்துகொண்டிருக்கும். கேம் இசைக்காரர்களுக்குத் தொல்லை, எனக்கு அதுதான் இசையின் தரை. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டுத் துடைக்காதீர்கள். 8580 சுத்தமானது, எனக்குக் கொஞ்சம் ஆஸ்பத்திரி வாசனை.

உதிரியாகச் சிப் வாங்குவதில் கவனம் தேவை. நான் இணையத்தில் வாங்கிய ஒன்றின் மேல் 6581 என்று அழகாக அச்சிட்டிருந்தது, உள்ளே ஃபில்டர் செத்துப்போயிருந்தது. ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டிப் பார்க்கவும் கூடாது, 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட். கணினியே இல்லையென்றால் வைஸ் எமுலேட்டரில் (கமடோரைப் போலவே நடிக்கும் மென்பொருள்) தொடங்குங்கள், இதே எண்கள் அங்கேயும் வேலை செய்யும்.

சிப்பில் எதிரொலி கிடையாது, ஸ்டீரியோவும் கிடையாது. எதிரொலிக்கு ஒரு மலிவான ரிவர்ப் பெடல் வைத்திருக்கிறேன். ஸ்டீரியோவுக்கு இரண்டு முறை பதிவு செய்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளிவிடுவேன். இரண்டாவது பதிவில் 1876-க்குப் பதில் 1875. அப்போது ஒரு காதில் ஆறு நொடிக்கு ஒரு விம்மல், மற்றதில் எட்டரை நொடிக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து வரும் இடத்தை நீங்கள் காத்திருந்துதான் பிடிக்க வேண்டும்.