சினிமா, சீரியல், ரம்மி, கூத்து: விசுவாசி எதைப் பாக்கலாம், எதை விடலாம்? கேள்வி பதில்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபை வரலாறு சொல்லிக்கொடுக்குறது என் வேலை, கூடவே யூத் மீட்டிங்கும் நடத்துறேன், அதனால இந்த தலைப்புல கேள்வி வராத மாசமே கிடையாது. ஒண்ண முதல்லயே சொல்லிடுறேன், நான் போதகர் இல்ல, உங்க ஐயரோ பாஸ்டரோ ஃபாதரோ சொன்னதை மீறுறதுக்கு எங்கிட்ட லெட்டர் வாங்க முடியாது. இனி கேளுங்க.

கேள்வி (காலேஜ் படிக்கிற தம்பி, தூத்துக்குடி): அண்ணா, தியேட்டர் வாசப்படி மிதிச்சாலே பாவம்னு எங்க பாஸ்டர் சொல்றார். பைபிள்ல அப்படி வசனம் எங்க இருக்கு?

இல்ல தம்பி. ஆனா "வசனம் இல்ல, அப்போ ஓகே"ன்னு உடனே டிக்கெட் புக் பண்ணிடாத, ஏன்னா இதே கேள்விய 1800 வருஷத்துக்கு முன்னாடியே கேட்டுட்டாங்க. கார்த்தேஜ்ல, அதாவது இன்னைக்கு துனிசியா இருக்குற இடத்துல, தெர்த்துல்லியன்னு ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர் கி.பி. 200 வாக்குல பொது விளையாட்டு, நாடகம் இதெல்லாம் விசுவாசி பாக்கக் கூடாதுன்னு ஒரு முழு புஸ்தகமே எழுதினார். அதுலயே அவர் ஒத்துக்குறார், "கொலை செய்யாதே"ன்னு இருக்குற மாதிரி "சர்க்கஸ் பாக்கப் போகாதே"ன்னு நேரடியா கட்டளை இல்லைன்னு. அப்புறம் எங்க போறார்னா முதலாம் சங்கீதத்துக்கு, "துன்மார்க்கருடைய ஆலோசனையில் நடவாமலும்"னு ஆரம்பிக்குமே அது.

நமக்கு வேண்டியது அவர் சொன்ன காரணம். அந்தக் காலத்து விளையாட்டு சாமி ஊர்வலத்தோட தான் தொடங்கும், அரங்கத்துல நிஜமாவே ஆள் சாவான், அதை கூட்டம் ரசிக்கும். இந்த ரெண்டும் காரணம்னா எனக்கு முழுசா புரியுது. (அதே புஸ்தகத்துக் கடைசியில, நியாயத்தீர்ப்பு நாள்ல நம்மள துன்பப்படுத்தினவங்க எரியுறத பாக்குறது தான் பெரிய காட்சின்னு சந்தோஷப்படுவார், அந்தப் பக்கம் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஜீரணம் ஆகல.) அதனால உங்க பாஸ்டர்கிட்ட சண்டை போடாம காரணம் கேளு. காரணம் சொன்னார்னா நீ யோசிக்க ஒரு விஷயம் கிடைக்கும். சொல்லலன்னா ஜெபம் பண்ணி நீயே தேடு, ரோமர் 14ல பவுல் "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்"னு தான் சொல்றார்.

இன்னொண்ணு, "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்"னு 1 கொரிந்தியர் 15ல இருக்கே, சினிமாவுக்கு எதிரா எல்லாரும் எடுத்து வீசுற வசனம், அந்த வரி மெனாண்டர்னு ஒரு கிரேக்க காமெடி நாடகக்காரரோடதுன்னு தான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்றாங்க. பவுலுக்கு நாடக வசனம் தெரிஞ்சிருக்கு! ஏதென்ஸ் ஊர்ல மார்ஸ் மேடையில நின்னு "உங்கள் புலவர்களிலும் சிலர்"னு கிரேக்க கவிதைய எடுத்துப் பேசினவர் தானே அவர்.

கேள்வி (ஐடி பிரதர், சென்னை): எனக்கு ஆக்‌ஷன் படம், கேங்ஸ்டர் வெப் சீரிஸ் தான் பிடிக்கும், ரத்தம் நிறைய இருக்கும். நான் யாரையும் வெட்டப் போறதில்ல, வேலை டென்ஷன் குறையுது, அவ்வளவு தான். தப்பா?

பிரதர், அலிப்பியுஸ்னு ஒருத்தர் கதை சொல்றேன், பழைய காலத்து பெரிய சபைப் போதகர் அகஸ்தீனோட உயிர் நண்பர், அகஸ்தீன் தன்னோட அறிக்கை புஸ்தகத்துல ஆறாவது பாகத்துல எழுதியிருக்கார். சட்டம் படிக்க ரோமாபுரிக்கு வந்த பையன், கிளாடியேட்டர் சண்டைன்னாலே அவனுக்கு வெறுப்பு. ஒருநாள் ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து வலுக்கட்டாயமா இழுத்துட்டுப் போறாங்க, "என் உடம்ப தான் உக்கார வைக்க முடியும், மனச உக்கார வைக்க முடியாது"ங்கிற மாதிரி சொல்லிட்டு கண்ண இறுக்கி மூடிக்கிட்டான். எவனோ ஒருத்தன் அடிபட்டு விழ கூட்டம் மொத்தமும் கத்துச்சு. என்னன்னு பாக்கலாம், பாத்துட்டு வெறுத்துடலாம்னு கண்ண தொறந்தான், தொறந்தவன் மூடவே இல்ல. ரத்தத்த பாத்ததும் அந்த வெறி உள்ள போயிருச்சுன்னு அகஸ்தீன் எழுதுறார், அதுக்கப்புறம் அவனே மத்தவங்கள இழுத்துட்டுப் போக ஆரம்பிச்சுட்டான். பின்னாடி அவர் பிஷப் ஆனார், அது வேற கதை.

நீங்க பாக்குறதுல சாவுறது நடிகர், கட் சொன்னதும் எழுந்து டீ குடிக்கப் போயிருவார், அதனால ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். பைபிள்லயும் கொடூரம் இல்லாம இல்ல, நியாயாதிபதிகள் 19 படிச்சுட்டு ராத்திரி தூங்க முடியுதான்னு பாருங்க. ஆனா அந்த அதிகாரம் படிச்சா வயிறு கலங்கும், யாரும் விசில் அடிக்க மாட்டாங்க. தாவீது பத்சேபாள் கதையும் நாத்தான் தீர்க்கதரிசி வந்து ராஜாவோட பாவத்த முகத்துக்கு நேரா சொல்ற வரைக்கும் போகும். உங்க சீரிஸ்ல ஒருத்தன் கழுத்த அறுக்குறப்போ பின்னாடி என்ன மியூசிக் போடுறான், உங்க கை தட்ட போகுதா இல்ல முகம் சுளிக்குதா, அதை மட்டும் ஒரு வாரம் கவனிங்க. ரத்தம் எத்தன லிட்டர்ங்கிறது எனக்கு பெரிய கணக்கு இல்ல, அடுத்தவன் வேதனை உங்களுக்கு ருசிக்க ஆரம்பிச்சுட்டா நீங்க அலிப்பியுஸ் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கீங்க. பிராங்க் வீடியோல ரோட்டுல போற பெரியவர பயமுறுத்துறதும், ரியாலிட்டி ஷோல சின்னப் புள்ளைய அழ வச்சு குளோசப் போடுறதும் யூ சர்டிபிகேட் மாதிரி தெரியும், என் கணக்குல அது தான் ரொம்ப மோசம், ஏன்னா அங்க அழுறது நிஜ ஆள்.

கேள்வி: நான் தியேட்டருக்கே போறதில்ல பிரதர், சாட்சி கெட்டுப் போயிரும். டெலிகிராம்ல வர்ற படத்த டவுன்லோட் பண்ணி வீட்லயே பாத்துக்குவேன். இது பரவாயில்லையா?

சாட்சிய காப்பாத்த "களவு செய்யாதே"ங்கிற எட்டாவது கட்டளைய (கத்தோலிக்க வரிசையில ஏழாவது) பலி கொடுத்துட்டீங்க. டிக்கெட் எடுத்து பாத்திருந்தா கூட எனக்கு சந்தோஷமா இருந்திருக்கும்.

கேள்வி (கீபோர்டு வாசிக்கிற தம்பி): ஞாயிறு சபையில வாசிக்கிறேன், சனிக்கிழமை லைட் மியூசிக் ட்ரூப்ல சினிமா பாட்டு வாசிக்கிறேன், அதுல தான் வீட்டு வாடகையே. ஒரே விரல்ல ரெண்டும் வாசிக்கக் கூடாதுன்னு மூப்பர் சொல்றார். என்ன பண்ண?

மூப்பர்கிட்ட தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பத்தி கேட்டுப் பாருங்க. ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர்கிட்ட வளர்ந்தவர், சரபோஜி மன்னருக்கு நண்பர். அந்தக் காலத்துல குறவஞ்சின்னா கோயில்லயும் அரண்மனையிலயும் ஆடுற ஆட்டம், தலைவி காதல்ல உருகுவா, குறத்தி வந்து குறி சொல்லுவா. அந்த வடிவத்த அப்படியே எடுத்து சபைய மணவாட்டியா வச்சு பெத்லகேம் குறவஞ்சி பாடினார். இன்னைக்கு கீர்த்தனை புஸ்தகத்த திறந்தா அவர் பாட்டு வரிசையா இருக்கும், அதைப் பாடித் தான் மூப்பரும் கண்ணீர் விடுறார். அதனால ராகத்துலயோ கீபோர்டுலயோ தீட்டு இல்ல.

ஆனா உன்னையும் ஒண்ணு கேக்குறேன். எல்லா கச்சேரியும் ஒண்ணா? கல்யாண ரிசப்ஷன்ல பழைய மெலடி வாசிக்கிறதும், ராத்திரி 1 மணிக்கு குடிச்சுட்டு ஆடுற கூட்டத்துக்கு நடுவுல ஒரு பொண்ண மேடையில நிறுத்தி இரட்டை அர்த்தப் பாட்டு பாட வைக்கிறப்போ பின்னாடி நின்னு வாசிக்கிறதும் உனக்கே வேற வேறயா தெரியும். ரெண்டாவது மாதிரி புக்கிங் வந்தா வேண்டாம்னு சொல்லு, வாடகைக்கு கஷ்டம் தான், சபைல உன்ன குறை சொல்றவங்க அந்த மாசம் ஒரு கவர் கொடுத்தா நல்லா இருக்கும், அதையும் மூப்பர்கிட்ட மரியாதையா சொல்லலாம்.

கேள்வி (நாகர்கோவில்ல இருந்து ஒரு அம்மா): பையனுக்கு 8 வயசு, கார்ட்டூன்ல மந்திரம், பேய், மாயக்கல்லுன்னு வருது, நிப்பாட்டிரவா?

பையன் ராத்திரி பயந்து எழுந்திரிக்கிறானா? அப்போ நிப்பாட்டுங்க சிஸ்டர், வசனம் தேட வேண்டாம். இல்லன்னா பக்கத்துல உக்காந்து ரெண்டு எபிசோட் பாருங்க. கதையில மாயம் இருக்குறதும், வீட்ல நிஜமா குறி கேக்குறதும் வேற, எண்ணாகமத்துல கழுதை பேசுறத சண்டே ஸ்கூல்ல நாமளே ஆக்‌ஷன் பண்ணி சொல்லிக்கொடுக்குறோம். பொய் சொன்னவன் ஜெயிக்கிறானா, குண்டா இருக்குறவன எல்லாரும் கேலி பண்ணி சிரிக்கிறாங்களா, அதைப் பாருங்க, புள்ளைங்க அதைத் தான் மறுநாள் ஸ்கூல்ல செய்யுது. அப்புறம் ஓடிடி ஆப்ல யூஏ 7+, 13+, 16+னு போட்டிருப்பான், 2021 விதிப்படி 13+லயும் அதுக்கு மேலயும் லாக் போடுற வசதி கொடுத்தே ஆகணும். செட்டிங்ஸ்ல போய் பின் நம்பர் போடுங்க, பையனோட பிறந்த வருஷத்த போடாதீங்க, அது தான் அவன் முதல்ல அடிப்பான்.

கேள்வி: ரம்மி? ஐபிஎல் டீம் போட்டு காசு கட்டுறது? திறமை தானே, சூதாட்டம் இல்லையே?

வேண்டாம். இதுல நான் ரொம்ப கறார். தமிழ்நாடு 2022லயே சட்டம் போட்டுச்சு, அதுக்கு மேல கோர்ட்ல இழுபறி, 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசே காசு வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்ட தடை பண்ண சட்டம் கொண்டு வந்துச்சு, அதனால திறமையா அதிர்ஷ்டமான்னு நாம பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்ல. சட்டத்த விடுங்க, உங்களுக்கு வர்ற 500 ரூபா எங்க இருந்து வருது? இன்னொருத்தன் வீட்டு பால் காசு. சிலுவை அடியில சேவகர் சீட்டுப் போட்டாங்களே, மேல ஒருத்தர் செத்துக்கிட்டு இருக்கார், கீழ அவர் அங்கி யாருக்குன்னு ஆட்டம். அப்போஸ்தலர் 1ல யூதாஸ் இடத்துக்கு மத்தியாவ தேர்ந்தெடுக்கவும் சீட்டு போட்டாங்களேன்னு ஒருத்தர் கேப்பார்னு தெரியும், அங்க யாரும் பணம் கட்டல ஐயா, ஜெபம் தான் பண்ணாங்க.

கேள்வி (யாழ்ப்பாணத்தில இருந்து): எங்கட ஊரில கோயில் வளவுக்குள்ளயே கூத்துப் போடுறனாங்கள், அப்புவின்ர காலத்தில இருந்து. பெந்தெகொஸ்தே சபைக்குப் போன சொந்தக்காரர் இது பிசாசின்ர வேலை எண்டு சொல்லினம். நீங்கள் என்ன சொல்லுறியள்?

அண்ணை, உங்கட கத்தோலிக்க கூத்து பெரிய சொத்து, புனிதர் கதைய அண்ணாவியார், அதாவது கூத்து வாத்தியார், சொல்லிக்கொடுத்து ஊரே சேர்ந்து ஆடுற மரபு. 1965ல மரிய சேவியர் அடிகள் தொடங்கின திருமறைக் கலாமன்றம் இயேசுவோட பாடுகளின் நாடகத்தை எவ்வளவு பேருக்கு கொண்டு போய் சேர்த்தது. இங்க தமிழ்நாட்டுலயும் தவக்காலத்துல பாஸ்கா, அதாவது இயேசுவோட பாடுகளின் நாடகம், போடுற ஊர் இருக்கு, இயேசுவா நடிக்கிறவர் விரதம் இருந்து நடிக்கிறத பாத்திருக்கேன். தடை போட்டா எல்லாம் சுத்தமாயிரும்னும் இல்ல: 1642ல இங்கிலாந்துல பியூரிட்டன்னு ரொம்ப கறாரான கிறிஸ்தவ ஆட்கள் கை ஓங்கி லண்டன் நாடக அரங்கத்தையெல்லாம் மூடினாங்க, 1660ல ராஜா திரும்பி வந்து அரங்கம் திறந்ததும் வந்த காமெடி நாடகங்கள் முன்னாடி இருந்தத விட ஆபாசம். அதனால உங்க சொந்தக்காரரோட வாக்குவாதம் வேண்டாம், புசிக்கிறவன் புசியாதவன அற்பமா எண்ணக்கூடாது, புசியாதவன் புசிக்கிறவன குற்றவாளியா தீர்க்கக்கூடாதுன்னு ரோமர் 14 ரெண்டு பக்கமும் வாய அடைக்குது. அவர வலுக்கட்டாயமா கூத்து பாக்க கூப்பிடாதீங்க, அவ்வளவு தான்.

கேள்வி: இவ்வளவு குழப்பம் எதுக்கு, எந்தப் படம் பாக்கலாம் எது கூடாதுன்னு சபையே ஒரு லிஸ்ட் போட்டா முடிஞ்சுது இல்ல?

அமெரிக்கால போட்டுப் பாத்தாங்க. 1930ல ஹாலிவுட்டுக்கு ஒரு ஒழுக்க விதி எழுதினாங்க, எழுதினதுல ஒருத்தர் டேனியல் லார்டுங்கிற இயேசு சபை குரு, இன்னொருத்தர் மார்ட்டின் குவிக்லிங்கிற கத்தோலிக்கர். 1934ல இருந்து கறாரா அமல், 1968ல தூக்கிட்டு வயசுவாரி ரேட்டிங் வந்துச்சு. நல்ல நோக்கம் தான். ஆனா அந்த விதிக்குள்ள வெள்ளைக்காரரும் கறுப்பினத்தவரும் காதலிக்கிற மாதிரி காட்டவே கூடாதுன்னு ஒரு வரி, செக்ஸ்ங்கிற தலைப்புக்குள்ளயே! லிஸ்ட் போடுறவனோட பாவம் லிஸ்ட்டுக்குள்ள ஏறி உக்காந்துக்கும்.

நம்ம ஊர்லயும் இதே தான். டிரம் செட், எலக்ட்ரிக் கிட்டார் ஆராதனைக்கு வரலாம், பறை வந்தா மட்டும் "உலகப்பிரகாரமானது". பரிசுத்தம்னு பேர் வச்சுக்கிட்டு பேசுறது ஜாதி. மதுரை அரசரடி இறையியல் கல்லூரில இருந்த தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுல, பறையோட பாட்டு கட்டினார், அதை கேட்டுட்டு வந்து சொல்லுங்க எது தாழ்ந்த இசைன்னு. லிஸ்ட் கேக்குறவங்ககிட்ட நான் பிலிப்பியர் 4:8 தான் கொடுப்பேன், "உண்மையுள்ளவைகளெவைகளோ"ன்னு ஆரம்பிக்கும், அதுல "நீதியுள்ளவைகளெவைகளோ"ன்னும் இருக்கு, அந்த இடத்த எல்லாரும் வேகமா தாண்டிப் போயிடுறாங்க.

கேள்வி (ஒரு மருமக): எங்க மாமியார் சினிமா பாவம்னு டிவில பாட்டு கூட வைக்க விடமாட்டாங்க, ஆனா சாயங்காலம் 6 மணில இருந்து 10 மணி வரைக்கும் சீரியல். தவக்காலத்துல மட்டும் நிறுத்துவாங்க, ஈஸ்டர் முடிஞ்சதும் விட்டுப்போன 40 நாள் எபிசோடையும் ஆப்ல சேத்து பாக்குறாங்க. இது விரதம் தானா?

சீரியல்ல விஷம் வைக்கிறது, மருமகள பழி வாங்குறதுன்னு ஓடுறத பத்தி நான் பேசினா உங்க வீட்ல பிரச்சனை வரும், அதனால நாலு மணி நேரத்துல ஒரு மணி நேரம் குடும்ப ஜெபத்துக்கு கேட்டுப் பாருங்கன்னு மட்டும் சொல்றேன், அதுவும் நீங்க கேக்காதீங்க, உங்க வீட்டுக்காரர கேக்கச் சொல்லுங்க. அந்த 40 எபிசோட் விஷயம், அம்மாகிட்ட அன்பா சொல்லுங்க, அவ்வளவு சிரமப்பட வேண்டாம், நேரா 41வதுல உக்காந்தா போதும், கத கல்யாண மண்டபத்த விட்டு வெளிய வந்திருக்காது.