ஒளிச்சு வச்ச பணத்தைத் தேடுற பழைய துப்பறியும் சிறுகதையில உங்களுக்குப் பிடிச்சது எது?

யோசிக்கவே வேணாம், எடோகாவா ரன்போவோட 'இரண்டு சென் செப்புக்காசு'தான் (சென்னா ஜப்பானோட பழைய சில்லறைக் காசு). 1923ல ஜப்பான்ல 'ஷின் செய்னென்'ங்கிற பத்திரிகைல வந்துச்சு, அந்த மனுஷன் எழுத்தாளரா அறிமுகமானதே இதுலதான். நிஜப் பேரு ஹிராய் தாரோ. அமெரிக்க எழுத்தாளர் எட்கார் ஆலன் போ மேல இருந்த பைத்தியத்துல அவர் பேரையே ஜப்பான் வாய்க்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சுக்கிட்டாரு.

முடிவையும் சொல்லப் போறேன், படிக்கணும்னு நினைக்கிறவங்க இங்கயே கழண்டுக்கோங்க.

செருப்புக் கடை மாடில ஒரு சின்ன ரூம், கையில காலணா இல்லாத ரெண்டு பசங்க, கதை சொல்றவனும் அவன் ஃபிரெண்ட் மட்சுமுராவும். யாரு பெரிய மூளைக்காரன்னு ரெண்டு பேருக்கும் எப்பவும் போட்டி. அந்த நேரத்துல ஒரு திருடன் நிருபர்னு சொல்லிக்கிட்டு ஃபேக்டரிக்குள்ள போயி சம்பளப் பணம் 50,000 யென்னை லவட்டிடுறான், ஆளு மாட்டிக்கிறான், ஆனா பணம் எங்கன்னு மட்டும் வாயத் திறக்கல. கண்டுபிடிச்சா 5,000 யென் பரிசு.

மட்சுமுரா கைக்கு ஒரு செப்புக்காசு வருது, அதைத் திருகினா டப்பா மாதிரி ரெண்டா பிரியுது, உள்ள துண்டுச் சீட்டு. அதுல 'நமு அமிதா புட்சு'ங்கிற புத்த நாமத்தோட எழுத்துங்க, ஜப்பானிய எழுத்துல ஆறும், விதவிதமா வெட்டி ஒட்டின மாதிரி வரிசையா இருக்கும். ஆறு எழுத்து, பார்வையில்லாதவங்க தடவிப் படிக்கிற பிரெய்ல்லயும் ஆறு புள்ளி! இங்கதான் எனக்குப் புல்லரிச்சுச்சு. மட்சுமுரா அதை வச்சு சீட்டைப் படிச்சு, ஒரு கடையில பொம்மை நோட்டுனு சொல்லி வச்சிருக்கிற பார்சலை வாங்கிட்டு வந்துடுறான், நிஜ நோட்டைப் பொம்மை நோட்டு மாதிரி ஒளிச்சிருக்கான் திருடன், என்னா மூளைன்னு ஒரே அலட்டல்.

அப்பதான் கதை சொல்றவன் சிரிச்சுக்கிட்டே, சீட்டுல இருந்து கிடைச்ச அதே வாக்கியத்தை எட்டெட்டு எழுத்தா தாண்டிப் படிச்சுப் பாருன்றான். படிச்சா 'சும்மா தமாஷ்'னு வருது. சீட்டு எழுதினதே இவன்தான், பார்சல்ல இருக்கிறது நிஜமாவே பொம்மை நோட்டு.

இதுல எனக்குப் பிடிச்சதே மட்சுமுரா யோசிச்ச ஒவ்வொரு ஸ்டெப்பும் சரியா இருக்கிறதுதான். முட்டாள் இந்தப் பொறியில விழவே மாட்டான், பிரெய்ல் வரைக்கும் யோசிக்கிற ஆளுக்குன்னே வச்ச பொறி அது. நிஜப் பணம் என்னாச்சுன்னு கதை கடைசி வரைக்கும் சொல்லாது, நமக்கும் கேக்கத் தோணாது. குறைன்னா ஒண்ணுதான், ஜப்பானிய எழுத்து தெரியாத நாம அந்தப் புதிரை நாமளே அவிழ்க்க முடியாது, சொன்னதுக்குத் தலையாட்டிட்டுப் போக வேண்டியதுதான்.

போ 1843ல எழுதின 'தங்க வண்டு' படிக்கலைன்னா முதல்ல அதைப் படிச்சிடுங்க. அதுல சங்கேதத்தை உடைச்சா கடற்கொள்ளைக்காரன் கேப்டன் கிட் புதைச்ச புதையல் நிஜமாவே கிடைக்கும். அந்த நம்பிக்கையோட ரன்போகிட்ட வந்தீங்கன்னா மட்சுமுரா மாதிரியே நீங்களும் மாட்டுவீங்க. ஆனா முடிவைத்தான் நான் போட்டு உடைச்சிட்டேனே, ஸாரி.